மூன்றாவது கம்பி

அண்ணன் கொண்டுவந்த பவர் கேபிள் பெருவிரல் பருமன் இருந்தது. கறுப்பு நைலான் வலை போர்த்தி, இரண்டு முனையிலும் கனமான பிளக்குகளோடு ஒரு மரப்பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. நீளம் இரண்டு மீட்டர், விலை 18,000 ரூபாய். அவர் எனக்குப் பங்காளி வீட்டு அண்ணன். சென்னையில் இருக்கிறார். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காக ஊருக்கு வந்தபோது கையோடு எடுத்து வந்தார். "ஒரு வாரம் போட்டுக் கேள், தம்பி. வித்தியாசம் தெரியாவிட்டால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடு" என்றார்.

அவர் காதை நான் மதிக்கிறேன். கச்சேரியில் தம்புராவின் ஒரு தந்தி இறங்கினால் மேடையில் இருப்பவர்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே அவர் சொன்னதைத் தள்ளவும் மனம் வரவில்லை, விலையைப் பார்த்தால் நம்பவும் முடியவில்லை. அதோடு எனக்கு ஒரு தேவையும் இருந்தது. பத்தாண்டுகளுக்கு மேலாக என் ஆம்ப்ளிஃபையரில் ஓர் இரைச்சல் இருந்துவந்தது. அது இந்தக் கேபிளால் தீர்ந்தால் போதும் என்று நினைத்தேன்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூரில் எங்கள் வீடு பழைய வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். மீட்டரும் மெயின் போர்டும் முகப்பில் இருக்கின்றன. பாட்டுக் கேட்கும் சாதனங்களை முற்றத்தைச் சுற்றிய வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டுக்கு முந்தைய பத்தியில் (நீண்ட தாழ்வாரத்தில்) வைத்திருக்கிறேன். அப்பச்சி (என் அப்பா) காலத்தில் செய்த தேக்கு பேட்டன் வயரிங் இன்னும் சுவரில் ஓடுகிறது. வரிசையாகத் தகரக் கிளிப்புகள், கறுப்பு பேக்கலைட் ஸ்விட்சுகள், பீங்கான் ஃபியூஸ்கள். ஆம்ப்ளிஃபையர், இசைத்தட்டை ஓட்டும் டர்ன்டேபிள், இணையத்திலிருந்து பாட்டு எடுக்கும் சின்னக் கணினி, தொலைக்காட்சியின் செட்டாப் பாக்ஸ் ஆகியவை ஒரே மர அலமாரியில் உட்கார்ந்திருக்கின்றன.

இரைச்சல் டர்ன்டேபிளைப் போடும்போதுதான் அதிகம். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுர இசைத்தட்டு ஒன்று அப்பச்சி வாங்கியது. முள் தட்டில் இறங்கியதும், ஆலாபனை தொடங்கும் முன்பே, சுருதி பிடிக்கும் ஒத்துக்குக் கீழே இன்னொரு ஒத்து ஊதுவதுபோல 'ஊம்' என்று ஒரு சத்தம் விழுந்துவிடும். நாகசுரம் உச்சத்தில் நிற்கும்போது அது தெரியாது. அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அந்த ஊம் மட்டும் அறையில் நிற்கும்.

இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில் மர்மம் கிடையாது. நம் மின்சாரம் 230 வோல்ட், வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. அந்த 50 ஹெர்ட்ஸ் எப்படியோ பாட்டின் பாதைக்குள் நுழைந்தால் ஊம் என்று கேட்கும். டர்ன்டேபிளில் அது பெரிதாகக் கேட்பதற்கும் காரணம் உண்டு. முள்ளின் அசைவை மின்சாரமாக்கும் காந்தக் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். இசைத்தட்டில் அடித்தொனியைக் குறைத்துப் பதிவு செய்து, கேட்கும்போது ஆம்ப்ளிஃபையரில் திரும்ப ஏற்றுவது வழக்கம். 1950-களின் நடுவில் உலகம் முழுக்க நிலைபெற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு இதுதான். அதன்படி 50 ஹெர்ட்ஸ் ஒலி, 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு கூடுதலாகப் பெருக்கப்படுகிறது. ஆகவே மின்கம்பியிலிருந்து ஒரு துளி கசிந்தாலும் ஆம்ப்ளிஃபையர் அதை அள்ளிக் கொடுத்துவிடும்.

அன்று இரவு எல்லோரும் படுத்த பிறகு கேபிளை மாற்றினேன். பழையதை உருவி, அண்ணனுடையதைச் செருகி, அதே இசைத்தட்டில் அதே இடத்தில் முள்ளை வைத்தேன்.

ஊம் பெருமளவு அடங்கிவிட்டது.

இதை எழுதும்போதும் அந்த நிமிடம் நினைவிருக்கிறது. நாகசுரத்தின் ஓரத்தில் காற்றுப் பிரியும் சத்தம் கேட்டது. தவில் தொப்பிப் பக்கத்தின் அடி, முன்பு மந்தமாக இருந்தது, தோலும் குச்சியுமாகத் தனித்துக் கேட்டது. அண்ணன் சொன்னது உண்மை என்று அப்போதே அவருக்குப் போன் செய்திருப்பேன், மணி பதினொன்று ஆகிவிட்டதால் விட்டேன். எனக்குத் தோன்றியது கற்பனை என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். மாற்றம் நிஜம். ஏன் மாறியது என்பதுதான் கேள்வி.

மறுநாள் காலை இரண்டு கேபிள்களையும் பட்டகசாலைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி மல்டிமீட்டரை எடுத்தேன். கம்பி அறுபடாமல் இருந்தால் சத்தமிடும் கன்டினியூட்டியில் வைத்து முனைக்கு முனை தொட்டேன். அண்ணனுடைய கேபிளில் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் 'பீப்' என்றன. என் பழைய கேபிளில் ஃபேஸ் கத்தியது, நியூட்ரல் கத்தியது, எர்த் ஊமையாக இருந்தது. இரண்டு முறை, மூன்று முறை தொட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லை.

பிளக்கின் திருகைக் கழற்றித் திறந்தேன். பச்சைக் கம்பி உறையோடு சேர்த்து நறுக்கப்பட்டிருந்தது. வெட்டிய முனையில் இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று. மேலே இருக்கும் பெரிய எர்த் பின் எதோடும் சேராமல் வெறும் பித்தளைத் துண்டாக நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் அது ஒழுங்கான மூன்று பின் பிளக்.

யார் செய்தது என்பதும் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பச்சியின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒலி அமைக்க வந்தவர், அவருடைய மிக்சரோடு என் ஆம்ப்ளிஃபையரை இணைத்ததும் பெரிய இரைச்சல் வந்தது. "எர்த்தை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லி ஒரு நிமிடத்தில் வெட்டினார். இரைச்சல் நின்றது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், நன்றியும் சொன்னேன். அன்றைக்கு இரண்டு எர்த்துகளுக்கு நடுவே மின்னோட்டம் சுற்றியதால் வந்த இரைச்சல் அது. அதை நிறுத்த வேறு வழிகள் உண்டு. இரும்புப் பெட்டிக்குள் 230 வோல்ட் ஓடும் ஒரு பொருளின் எர்த்தை வெட்டுவது அந்த வழிகளில் ஒன்று ஆகாது. உள்ளே ஒரு கம்பி நழுவிப் பெட்டியைத் தொட்டிருந்தால், என் மகள் வால்யூமைத் திருகும்போது அது அவள் கைக்கு வந்திருக்கும். பன்னிரண்டு ஆண்டுகள் அப்படியே இருந்திருக்கிறது.

இப்போது பழைய அறிகுறிகளும் பொருந்தின. ஆம்ப்ளிஃபையரின் உலோக முகப்பைப் புறங்கை விரலால் மெல்லத் தடவினால் மணல் தாள் போலச் சுருசுருவென்று இருக்கும். வர்ணத்தின் சொரசொரப்பு என்றே நினைத்திருந்தேன். ஸ்விட்சை அணைத்துவிட்டுத் தடவிப் பார்த்தேன், வழவழ என்று இருந்தது. கையை முழுதாகப் பெட்டியின் மேல் வைத்தால் ஊம் பாதியாகக் குறையும் என்பதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பழைய கேபிளைத் திரும்பப் போட்டு, பெட்டிக்கும் சாக்கெட்டின் எர்த் துளைக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். 87 வோல்ட் காட்டியது. சின்னக் கணினியின் அடாப்டர் இரண்டு பின் கொண்டது. அந்த மாதிரி அடாப்டர்களுக்குள் மின்னிரைச்சலை அடக்குவதற்கு ஒரு சிறு கெப்பாசிட்டர் இருக்கும். அது வழியாகத் துளித்துளியாகக் கசிவது ஒயர் வழியே ஆம்ப்ளிஃபையரின் உடம்புக்கு வந்து, போக்கிடம் இல்லாமல் அங்கேயே மிதந்துகொண்டிருந்தது. கை வைத்தால் என் உடம்பு வழியே கொஞ்சம் தரைக்குப் போனது, ஊம் குறைந்தது. அண்ணனின் கேபிள் அந்தப் போக்கிடத்தைக் கொடுத்தது.

அப்படியென்றால் மூன்று கம்பியும் ஒழுங்காகச் சேர்ந்த எந்தக் கேபிளும் அதையே செய்ய வேண்டும். சோதிக்க ஒன்றைச் செய்தேன்.

காரைக்குடி செக்காலை சாலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 1.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் ஒயர் இரண்டு மீட்டர், ஒரு 6 ஆம்பியர் பிளக், கணினிக்குப் பின்னால் செருகும் வகை கனெக்டர் ஒன்று வாங்கினேன். எல்லாம் சேர்த்து 430 ரூபாய். உறையை உரித்து உள்கம்பிகளை எட்டு மில்லிமீட்டர் வெளியே எடுத்து, முறுக்கி, முனைக்கு ஃபெரூல் என்ற சிறு உலோகக் குழல் போட்டு இறுக்கினேன். பழுப்பு ஃபேஸுக்கு, நீலம் நியூட்ரலுக்கு, பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த்துக்கு. பிளக்குக்குள் எர்த் கம்பியை மட்டும் மற்ற இரண்டைவிட ஒரு விரற்கடை நீளமாக வளைத்து விட வேண்டும். யாராவது ஒயரில் கால் தடுக்கி இழுத்தால் ஃபேஸும் நியூட்ரலும் முதலில் பிய்ந்து, எர்த் கடைசியாகப் பிய்யட்டும் என்பதற்காக. பிளக்கின் எர்த் பின் மற்றவற்றைவிட நீளமாக இருப்பதும் அதே எண்ணத்தில்தான். செருகும்போது முதலில் அது தொடும், உருவும்போது கடைசியில் விடும். ஒயரின் மேலுறையைப் பிடிக்கும் சின்னக் கட்டையையும் மறக்காமல் இறுக்கினேன். கடைசியில் மீட்டரை வைத்தேன். மூன்றும் கத்தின.

அளப்பதற்கு ஆம்ப்ளிஃபையரின் ரெக்கார்டிங் வெளியீட்டிலிருந்து ஒரு யு.எஸ்.பி. ஒலிப் பெட்டி வழியாக மடிக்கணினியில் பதிவு செய்தேன். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினேன், இல்லாவிட்டால் சார்ஜரே புதிதாக ஒரு சுற்றைக் கொண்டுவந்துவிடும். முள்ளைத் தட்டிலிருந்து தூக்கிவைத்து, வெறும் இரைச்சலை மட்டும் ஒரு நிமிடம் எடுத்து, ஆடாசிட்டி மென்பொருளில் அலைவரிசைப் படமாகப் பார்த்தேன். 50 ஹெர்ட்ஸில் பனைமரம் போல ஒரு கோடு நிற்கும், அதன் உயரம்தான் கணக்கு. கழித்தல் எண் பெரிதாகப் பெரிதாக இரைச்சல் குறைவு. பழைய கேபிளில் கழித்தல் 58 டெசிபல். அண்ணனுடையதில் கழித்தல் 74. என் 430 ரூபாய் கேபிளில் கழித்தல் 74. இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் எது எதுவென்று பிரிக்க முடியவில்லை.

இதை அண்ணனிடம் போனில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "படத்தைக் கேட்க முடியாது தம்பி. ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன், காதால் பார்ப்போம்" என்றார். அது நியாயமான பேச்சு. காதுக்காகத்தானே இத்தனையும்.

ஞாயிறு வந்தார். அலமாரிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாதபடி ஒரு வேட்டியைத் தொங்கவிட்டோம். காசு சுண்டுவது ஆத்தாவின் வேலை. பூ விழுந்தால் தடிக் கேபிள், தலை விழுந்தால் என் கேபிள். எது என்பதை அப்பச்சியின் பழைய பேரேட்டில் மீதமிருந்த தாளில் ஆத்தா எழுதிக்கொண்டார். திரைக்குப் பின்னால் மருமகன் மாற்றினான். மாற்றம் இல்லாத சுற்றிலும் உருவித் திரும்பச் செருக வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் எடுக்கும் நேரத்தை வைத்தே சொல்லிவிடலாம். வால்யூம் குமிழில் கை வைக்கக் கூடாது. அண்ணன், நான், பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஆகிய மூவரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் எழுதினோம். 16 சுற்று. குருட்டாம்போக்கில் எழுதினாலே சராசரியாக எட்டுச் சரியாக வரும். 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால்தான் காதுக்குத் தெரிந்தது என்று ஏற்கலாம். வெறும் அதிர்ஷ்டத்தில் 12 வருவதற்கு நூற்றுக்கு நான்கு வாய்ப்புகூட இல்லை.

காபி, இடையில் கந்தரப்பம், மறுபடி தட்டு. இரண்டரை மணி நேரம் ஆனது. ஆத்தா பேரேட்டைப் பார்த்து ஐந்தொகை போடுவது போல நிதானமாகக் கூட்டிச் சொன்னார். அண்ணன் ஒன்பது, மகள் எட்டு, நான் ஏழு.

அண்ணன் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என் பழைய கேபிளை, எர்த் வெட்டப்பட்டதை, ஒரு முறை போடச் சொன்னார். போட்டதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். அதைக் கண்டுபிடிக்கக் காசு சுண்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இரண்டு மீட்டர் செம்பு பாட்டை மாற்றாததற்கான கணக்கு எளிது. என் கேபிளின் போக்கும் வரவும் சேர்த்து நான்கு மீட்டர், மின்தடை 0.05 ஓம். மெயின் போர்டிலிருந்து அந்தச் சாக்கெட் வரை சுவரில் ஓடும் பழைய 3/22 ஒயர் (22 கேஜ் கம்பி மூன்று முறுக்கியது) 28 மீட்டர், போக வர 56 மீட்டர், மின்தடை ஏறக்குறைய 0.8 ஓம். அதற்கு வெளியே தெருக்கம்பத்தில் அலுமினியக் கம்பி, அதற்கப்பால் டிரான்ஸ்ஃபார்மர். நான் கேட்கும் அளவில் ஆம்ப்ளிஃபையர் இழுப்பது 0.3 ஆம்பியர். கேபிளில் குறைவது 0.015 வோல்ட். ஆர்வத்தில் மூன்று நாள் சாக்கெட்டில் மீட்டரை விட்டுக் குறித்து வைத்தேன்: மாலை ஏழு மணிக்கு 211, விடியற்காலை 238. இத்தனை ஏற்ற இறக்கத்தையும் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, டயோடுகள் நேர்மின்சாரமாக்கி, பெரிய கெப்பாசிட்டர்கள் வினாடிக்கு நூறு முறை நிரம்பிக் கொடுத்துவிடுகின்றன. பாட்டு அந்தக் கெப்பாசிட்டர்களிலிருந்துதான் வருகிறது.

ஒரே ஓர் இடத்தில் தடிக் கேபிள் தன் விலைக்கு ஏதோ செய்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அலமாரிக்குப் பின்னால் எல்லா ஒயர்களையும் ஒரே கட்டாக நான் கட்டிவைத்திருந்தேன். டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய ஒயரும் பவர் கேபிளும் ஒரு மீட்டர் தூரம் ஒட்டிக்கொண்டே போயின. முன்பு அளந்தபோது கட்டுக்கு வெளியே கிடந்த என் கேபிளை அந்தக் கட்டுக்குள் வைத்தால் தடிக் கேபிளைவிட மூன்று டெசிபல் கூடுதல் இரைச்சல் காட்டியது; தடிக் கேபிளின் உள்ளே சுற்றியிருக்கும் கவச உறை கொஞ்சம் தடுக்கிறது. கட்டை அவிழ்த்து, இரண்டு ஒயர்களையும் ஓர் அடி விலக்கி, குறுக்கே போகும் இடத்தில் செங்கோணமாகக் கடக்க விட்டேன். கழித்தல் 81 ஆனது, எந்தக் கேபிளானாலும். கவசத்துக்குக் கொடுக்கும் காசை ஓர் அடி இடைவெளி மிச்சப்படுத்துகிறது.

அதற்குப் பிறகும் மெலிதாக ஒரு 'ஜிர்ர்' மிச்சம் இருந்தது. செட்டாப் பாக்ஸின் பின்னால் வரும் கேபிள் டிவி ஒயரைத் திருகிக் கழற்றியதும் போய்விட்டது. தெருவிலிருந்து வரும் அந்த ஒயரின் மேலுறை, தனியாக ஓர் எர்த்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. கல்யாணத்தன்று மிக்சரோடு வந்த அதே சிக்கல்தான். செட்டாப் பாக்ஸையும் ஆம்ப்ளிஃபையரையும் செம்புக் கம்பிக்குப் பதிலாக ஒளியிழைக் கம்பியால் இணைத்தேன். அதற்கென்று ஒரு சின்ன மாற்றுப் பெட்டி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெட்டிய பச்சைக் கம்பி மனதை விட்டுப் போகவில்லை. பிளக்கில் எர்த் சரி, சுவரில்?

எங்கள் ஊர் எலக்ட்ரிஷியன் அண்ணனை வரச் சொன்னேன். அறுபது வயதைத் தாண்டியவர். மீட்டரை நம்புவார், ஆனால் முதலில் டெஸ்ட் லாம்பைத்தான் எடுப்பார். எர்த்தோடு சேர்ந்த எல்லாவற்றையும், ஃபிரிட்ஜ், கிரைண்டர், மோட்டார் வரை, பிளக்கிலிருந்து உருவச் சொன்னார். எர்த் கெட்டிருந்தால் சோதிக்கும்போது அந்தப் பொருள்களின் உடம்பெல்லாம் மின்சாரம் ஏறிவிடும் என்பதால் அப்படி. பிறகு 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தார், பளிச்சென்று எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தார். பல்ப் சிவந்து தளர்ந்து எரிந்தது. "தம்பி, இது எர்த் இல்லை, எர்த் மாதிரி" என்றார்.

காரைக்குடியிலிருந்து எர்த் டெஸ்டர் வாங்கி வந்து, தரையில் இரண்டு கம்பிகள் அடித்து அளந்தார். 140 ஓம்.

இந்த எண்ணின் முன்னால் நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடாப்டரிலிருந்து கசிவது கால் மில்லிஆம்பியர் அளவு. 140 ஓமில் அது உண்டாக்குவது 0.035 வோல்ட். அதனால்தான் கேபிளை மாற்றியதும் ஊம் அடங்கியது. காதுக்கு அந்த எர்த் போதும். அதே இடத்தில் கிரைண்டருக்குள் ஃபேஸ் கம்பி உடம்பைத் தொட்டால்? 230-ஐ 140-ஆல் வகுத்தால் 1.6 ஆம்பியர். எங்கள் பீங்கான் ஃபியூஸில் இருப்பது 15 ஆம்பியர் கம்பி. அது அசையாது. கிரைண்டர் மின்சாரத்தோடு அப்படியே நிற்கும், ஈரக்கையோடு ஆத்தா மாவு வழிக்கப் போவார். இந்த வீட்டில் எது போதுமானது, எது போதாது என்பதை என் காது சொல்லிவிடும் என்று நான் நம்பியிருந்தது அன்றோடு போயிற்று.

பழைய எர்த் குழியைத் தேடினோம். பின்கட்டில், சமையற்கட்டுச் சுவரை ஒட்டி, துளசி மாடத்துக்குப் பின்னால் ஒரு தொட்டி, மண் மூடிக் கிடந்தது. தோண்டியதும் குழாயின் தலை தெரிந்தது. எர்த் கம்பி குழாயோடு சேரும் நட்டை எலக்ட்ரிஷியன் அண்ணன் இரு விரலால் பிடித்தார். அது திருகவில்லை, உதிர்ந்தது. வெற்றிலைப் பாக்குத் தூள் போலச் செம்பழுப்பாக அவர் உள்ளங்கையில் நின்றது. உப்பும் ஈரமும் இரும்பைத் தின்ற மிச்சம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. இரும்பு துருப்பிடிப்பதைத் தடுப்பது அங்கே முக்கியமான ஆராய்ச்சி. அந்த வாசலை ஆயிரம் முறை கடந்து போயிருக்கிறேன். என் வீட்டு எர்த் நட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒரு முறையும் தோன்றியதில்லை.

புதுக்குழிக்கு இடம் தேர்ந்தெடுத்தது ஆத்தா. எங்கள் மண் சரளை கலந்த செம்மண், கீழே போகப் போகச் செம்புறாங்கல். கோடையில் எலும்பாகக் காய்ந்துவிடும், காய்ந்த மண் மின்சாரத்தை வாங்காது. முற்றத்தில் விழும் மழைத்தண்ணீர் கல் வாய்க்கால் வழியாக வெளியே போகும் இடத்தில் மண் எப்போதும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும், அங்கே தோண்டுங்கள் என்றார். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிக் கடப்பாரை போட்டோம். முதல் மூன்று அடி அரை நாளில் முடிந்தது. அதற்குக் கீழே ஒவ்வொரு அடிக்கும் தீப்பொறி பறந்தது, இரண்டு ஆட்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. இரண்டரை மீட்டர் நீள, 40 மில்லிமீட்டர் ஜி.ஐ. குழாய், கீழ்ப்பகுதியில் வரிசையாகத் துளைகள். சுற்றிலும் அடுப்புக்கரி ஒரு சாண், கல்லுப்பு ஒரு சாண் என்று மாறி மாறிக் கொட்டித் தண்ணீர் ஊற்றி மிதித்தோம். குழாயின் தலையில் வலை போட்ட புனல், அதைச் சுற்றிச் செங்கல் தொட்டி, மேலே மூடி. அங்கிருந்து மெயின் போர்டு வரை புதுத் தகடு, அதிலிருந்து எல்லா மூன்று பின் சாக்கெட்டுகளுக்கும் தனிப் பச்சைக் கம்பி. தேக்கு பேட்டனைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை, பக்கத்திலேயே குழாய் ஓட்டினோம்.

இரண்டு நாள் ஊறவிட்டு அளந்தபோது 6 ஓம்.

போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வைத்தோம், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் பெட்டி அது. போட்ட உடனே விழுந்தது. மறுபடி தூக்கினால் மறுபடி விழுந்தது. அரை நாள் தேடியதில், மேல்மாடி விளக்குக்கும், அந்தப் பெட்டிக்குள் வராத கிணற்று மோட்டாருக்கும் யாரோ ஒரே நியூட்ரலைப் பகிர்ந்து கொடுத்திருந்தது தெரிந்தது. அதைப் பிரித்த பிறகு நின்றது. எர்த் சரியில்லாவிட்டாலும், உடம்பு வழியே தரைக்குப் போகும் மின்சாரத்தை அந்தப் பெட்டி துண்டித்துவிடும் என்பதால், பழைய வீடு வைத்திருக்கும் எல்லோரிடமும் கேபிளைப் பற்றிப் பேசும் முன் இதைத்தான் கேட்கிறேன்: ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை எப்போது கடைசியாக அழுத்தினீர்கள்?

எல்லாம் முடிந்து திரும்பவும் இசைத்தட்டைப் போட்டேன். 140 ஓம் 6 ஓமாக மாறியதால் பாட்டில் ஏதும் மாறவில்லை. படத்தில் கோடு அதே கழித்தல் 81-இல் நின்றது. பாட்டை உண்மையில் மாற்றியது வேறொன்று. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், கண்ணாடி போல வழவழப்பு. கை தட்டினால் சத்தம் பத்தி முழுக்க ஓடித் திரும்பி வரும். தவிலின் ஒவ்வொரு அடியும் அடுத்த அடியின்மேல் ஏறிக்கொள்ளும். மகள் யோசனையில் கல்யாணத்துக்கு விரிக்கும் பெரிய பவானி ஜமக்காளத்தைத் தரையில் விரித்து, ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவரில் மடித்த மெத்தை இரண்டைச் சாய்த்தோம். நடையின் கணக்கு விரல் விரலாகப் பிரிந்து கேட்டது. அதற்குக் காசு சுண்டவில்லை, ஆத்தா பின்கட்டிலிருந்தே "என்ன செய்தீர்கள், தெளிவாகக் கேட்கிறதே" என்றார்.

தடிக் கேபிளை மரப்பெட்டியில் வைத்து அண்ணனிடம் கொடுத்தேன். அதன் பிளக் சாக்கெட்டைக் கெட்டியாகக் கவ்விக்கொள்வது அவருக்குப் பிடிக்கும், அதற்காகவே வைத்துக்கொள்வேன் என்றார். தளர்ந்த சாக்கெட்டில் பிளக் ஆடிப் பொறி விடுவதை நானும் பார்த்திருப்பதால் மறுத்துச் சொல்லவில்லை. வண்டியில் ஏறும்போது, ஆண்டுக்கு ஒரு முறை படைப்புக்கு மட்டும் திறக்கும் தன் வீட்டின் எர்த் குழி எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எலக்ட்ரிஷியன் அண்ணனிடம் டெஸ்ட் லாம்போடு வெள்ளிக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறேன்.